கடலய்யா மனசை வாசிக்கிறார்

கடலய்யா மனசை வாசிக்கிறாராம்! அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்கிறாராம்! கண்ணைத் திறந்து செய்தித்தாள் வாசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிற கூட்டமெல்லாம் காலை ஆறு மணிக்கே கூடத்து வாசலில் முண்டியடித்தது. பேராசிரியர் வந்தார், நீதிபதி வந்தார். செருப்பை வாசலில் விட்டு டோக்கன் வாங்கினார்கள். மூளையையும் அங்கேதான் விட்டார்கள். அதற்கு டோக்கன் கிடையாது.

உள்ளே சேர்ந்தால் பேர் போய்விடும். அவர் கடல், மற்றவர்கள் துளி. எண் போட்ட சாம்பல் நிறச் சட்டை தருவார்கள். சிரிக்க அனுமதி வேண்டும், வீட்டோடு பேச அனுமதி வேண்டும். தும்மலுக்கு மட்டும் இன்னும் விதி எழுதவில்லை. தேர்தல் வந்தால் கடல் கண்ணைக் காட்டும் பக்கம் அத்தனை துளியும் பாயும். சுகாதார அமைச்சருக்கு அது தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கும் ஃபைலைக்கூட இவர் தலையசைத்த பிறகே நகர்த்துவார்.

துளி நாற்பத்தொன்றுக்கு ஒரு அக்கா உண்டு. அச்சகத்தில் ரசீதுப் புத்தகம் பைண்டிங் செய்பவர். தங்கைக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி. “கடலில் கலந்த துளிக்கு ஊசி எதற்கு?” என்று கடலய்யா திருவாய் மலர்ந்துவிட்டார். நான்கு நாளாக ஊசி இல்லை. தண்ணீர் கொடுக்க வந்த தங்கை தாகம் தாங்காமல் அதைத் தானே குடித்து முடித்ததைப் பார்த்து அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊசியையாவது போட்டுக்கடி.”

“என் மனசுல இருந்ததை எழுத்து மாறாம சொன்னாருக்கா. என் உடம்பு அவருக்குத் தெரியாதா?”

“அது பித்தலாட்டம்னு காட்டினா போட்டுக்குவியா?”

“காட்டு, பாக்கலாம்!”

அக்கா இந்தக் கூடத்துக்கு வந்தது இது இரண்டாம் முறை. இங்கே ஒரு வழக்கம். ஆளுக்கொரு குறிப்புப் புத்தகம் தருவார்கள். வேண்டுதலை எழுதி, தாளைக் கிழித்துக் கைக்குள் மூடிக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அது உள்ளறைக்குப் போகும். கடலய்யா கண்ணில் கறுப்புத் துணி கட்டி, தலைப்பாகையைக் காதுவரை இழுத்துவிட்டு வாசிப்பார். பொதுஜனத்துக்கு உரக்க, பெரிய மனிதர்களுக்குக் காதோடு காதாக. என்ன ஒரு சமத்துவம்!

போன வாரம் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுமே அக்காவின் விரலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேல்தாளில் எழுதினால் கீழ்த்தாளில் பதியும் நகல் தாள். இருபது வருடமாக அவர் ரசீதுப் புத்தகத்துக்கு ஒட்டுகிற அதே தாள்!

குடும்பத்தோடு சேரப்போவதாகச் சொன்னதால் இன்று அக்காவுக்கு முதல் நாற்காலி. இரண்டாவதில் அமைச்சர். ஏழைக்குப் பக்கத்தில் அமைச்சர் உட்கார்ந்தால் தொலைக்காட்சி நேரலையில் எடுப்பாக இருக்குமல்லவா? இருவரும் எழுதிக் கிழித்தார்கள்.

“குடுங்கய்யா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்று அமைச்சரின் புத்தகத்தையும் அக்காவே வாங்கித் தன் புத்தகத்தோடு சேவகரிடம் தந்தார். மேலே இருப்பது முதல் நாற்காலியுடையது, கீழே இருப்பது இரண்டாவதுடையது. உள்ளறையில் அந்த வரிசையில்தான் எடுப்பார்கள் என்பதை அக்கா போன வாரமே கணித்திருந்தார். அக்கா அமைச்சருடையதை மேலே வைத்துவிட்டார்.

கடலய்யா கணீரென்று ஆரம்பித்தார். “முதல் நாற்காலித் துளியே! உனக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவர் சீக்கிரம் படுத்த படுக்கையாக வேண்டும். அவர் நாற்காலி உனக்கு வேண்டும். சரிதானே?”

“எங்க அச்சகத்துலயா சாமி? மொதலாளியே ஸ்டூல்லதான் உக்காந்திருக்காரு!”

கூடம் அனுமதி வாங்காமல் சிரித்தது. அக்கா தன் தாளைப் பிரித்துக் கேமராவுக்குக் காட்டினார். ‘என் தங்கச்சி ஊசி போட்டுக்கணும்.’

“அப்ப நீங்க படிச்சது யாரோட மனசு? அமைச்சரய்யா, கையைத் திறங்க பாப்போம்!”

அமைச்சர் கையைத் திறக்கவில்லை, வாயைத் திறந்தார். தாளை உள்ளே தள்ளி, மென்று, கண்ணில் நீர் வர விழுங்கினார். ஒன்பது கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. முதலமைச்சரும் வீட்டில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

கண்ணைக் கட்டிய கடலுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பதற்றத்தில் அடுத்ததையும் உரக்கவே வாசித்துத் தொலைத்தார். “இரண்டாம் நாற்காலித் துளியே! உன் தங்கை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாய்!”

அக்கா எழுந்துபோய்த் தலைப்பாகையை உருவினார். காதிலிருந்து சின்ன இயர்போன் ஒன்று கழன்று விழுந்து, தரையில் கிடந்தபடியே உள்ளறை ஆளின் குரலில் கத்தியது. “அண்ணே, மூணாவது ஆளுக்குப் புருஷன் திரும்பி வரணுமாம். அண்ணே! கேக்குதா?”

தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வாக்கை நம்பி நான்கு நாள் சாகக் கிடந்தோமோ, அது ‘அண்ணே’ போடும் ஓர் ஆள் உள்ளறையிலிருந்து சொல்லிக்கொடுத்தது என்று புரிந்ததும் அவளுக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. “ஊசியை எடுக்கா,” என்றாள். அக்கா பையிலிருந்து எடுத்து, டாக்டர் சொன்ன அளவு பார்த்து, அங்கேயே போட்டுவிட்டார். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

திரும்பினால், காலடியில் பேராசிரியர்! அவருக்குப் பின்னால் நீதிபதி, அவருக்குப் பின்னால் பெரிய வரிசை. “தாயே! கடலையே வாசித்த நீங்கள்தான் இனி எங்கள் கடல்!”

அக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“எந்திரிங்கய்யா! கால்ல விழுந்தா என் நகம்தான் தெரியும். தலைய நிமித்தி அந்தப் புத்தகத்தைப் பாருங்க, நகல் தாள் தெரியும்!”