உப்பளத்தில் நான் ஃபெயிலான கதை

பிஎச்.டி. வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் கோர்ஸ் ஒர்க், ஆய்வுக் கட்டுரை, வைவா என்று வரிசையாகச் சொல்வார்கள். முக்கியமான தகுதியை மட்டும் ஒரு பயலும் சொல்ல மாட்டான். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒண்ணுக்கை அடக்கத் தெரிய வேண்டும். சுற்றுச்சூழல் சுகாதாரம் என்றால் இதுதான் என்று முன்பே தெரிந்திருந்தால், பேசாமல் பி.எட். முடித்துவிட்டு எங்கள் ஊர் கிளியனூரிலேயே டீச்சராகியிருப்பேன்.

என் தலைப்பு, மரக்காணம் உப்பளப் பெண்களின் நீரிழப்பு. கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறார்கள். ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீரின் நிறத்தை ஒரு நிற அட்டையோடு ஒப்பிட்டு இதை நான் நிரூபிக்க வேண்டும். (பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா "ஏதோ தண்ணி ஆராய்ச்சி" என்று சொல்லிச் சமாளித்தாள்.)

ஒருநாள் என் கைடு, "கமிட்டி நேர்ல பார்க்க வருது. அவங்களுக்குத் திருப்தி இல்லன்னா தலைப்பு போச்சு, மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். உப்பளத்துக்கு ஓடினேன். அங்குள்ள பெண்களுக்கெல்லாம் செல்வி அக்கா வைத்ததுதான் சட்டம்.

"அக்கா, பெரிய ஆளுங்க வர்றாங்க. உங்க சாம்பிளைப் பார்த்துதான் என்னை பாஸ் பண்ணுவாங்களாம்."

"அட, இன்னா பாப்பா, இதுக்குப் போயா அழுவுற? வெளுப்பா இருந்தா நல்லதுன்னு நீதானே அட்டையெல்லாம் காட்டுன? நாங்க பார்த்துக்கறோம், போ."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே! நன்றாகக் கவிழ்ந்தடித்துத் தூங்கினேன்.

கமிட்டி வந்தது. புதுக் காட்டன் புடவையில், வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், விடிந்ததிலிருந்து வரப்பு வரப்பாக ஓடிக்கொண்டிருந்தேன். வேலைக்கு நடுவே எடுத்த சாம்பிள் குப்பிகளை அட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். எல்லாம் குழாய்த் தண்ணீர் மாதிரி பளிச்சென்று இருந்தது!

கமிட்டித் தலைவர் கர்ச்சீப்பால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். "இவங்கல்லாம் என்னைவிட ஆரோக்கியமா இருக்காங்களேம்மா. நீரிழப்பு எங்க?"

கைடு என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாத்தி உப்பெல்லாம் கரைந்திருக்கும். நான் திரும்பிப் பார்த்தேன். உப்புக் குவியலுக்குப் பின்னால் வெட்டிப்போட்ட இளநீர்க் கூடுகள் மலைபோலக் கிடந்தன. பக்கத்திலேயே நாலு கழி நட்டு, பழம்புடவை சுற்றி, ஜோராக ஒரு மறைப்பு. பாவிகளா!

"எல்லாம் பாஸா சார்?" என்று செல்வி அக்கா பல்லெல்லாம் தெரியக் கேட்டார்.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கண் இருட்டியது. அடுத்த நொடி புதுப் புடவையோடு பாத்திக்குள் தொபுக்கடீர்! மூக்கு வழியாக ஏறிய உப்புத் தண்ணீர் மூளையில் போய்க் கரித்தது.

பெண்கள் என்னைத் தூக்கி நிழலில் போட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் கைடு என் கையிலும் ஒரு குப்பியைத் திணித்தார். (மானம் ஏற்கெனவே பாத்தியில் கிடந்தது, இனி என்ன?) மறைப்புக்குள் போய், சொட்டுச் சொட்டாக எதையோ பிடித்து வந்து நீட்டினேன். டீக்கடை டிகாக்‌ஷன் கெட்டது போங்கள்!

அட்டையைப் பார்த்த செல்வி அக்கா தலையிலடித்துக்கொண்டு அலறினார்: "ஐயய்யோ! பாப்பா ஃபெயிலாயிடுச்சே!"

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "சார், தெனம் எங்களுதும் இப்படித்தான் இருக்கும். எங்க போயி ஒதுங்குறது? அதான் தண்ணியே குடிக்கறதில்ல. இன்னைக்கு இந்தப் பாப்பா பாஸாவணும்னுதான் இளநி குடிச்சோம். அதுக்காவ இதை ஃபெயிலாக்கிடாதீங்க சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவர் போய் அந்த மறைப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில், "தலைப்பு சரிதாம்மா. ஆனா இனிமே சொல்லாம கொள்ளாம வந்து சாம்பிள் எடு" என்றார்.

பட்டம் கிடைத்த அன்று, "உங்க பொண்ணு எந்த நோய்க்கு டாக்டரு?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார். என் தம்பி முந்திக்கொண்டான்: "எங்க அக்கா ஒண்ணுக்குல ஃபெயிலாகி டாக்டரானவ."

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை சொல்லாமல் ஒரு கல்யாணப் பந்திகூட நடந்ததில்லை. அப்படி ஒரு பந்தியில் வயிறு வலிக்கச் சிரித்தவர்தான், "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று விசாரித்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.