உறைந்த கிரான்பெர்ரி டப்பாவும் உன் யோசனையும்

கார்வர்,
ஞாயிறு காலை.

அன்பும் பண்பும், எதற்கெடுத்தாலும் ஒரு யோசனையும் நிறைந்த தங்கை ஐலிக்கு,

உன் அண்ணன் வில்ஹோ எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். ஃபுளோரிடா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கிரான்பெர்ரி அறுவடை முடிந்து, பழம் மிதக்க வயலில் தேக்கிய தண்ணீரையும் வடித்தாயிற்று. இன்னும் வடியாதது நீ கொடுத்த யோசனையின் விளைவு ஒன்றுதான்.

என் மகள் இர்மா பாஸ்டனிலிருந்து சனிக்கிழமை வருகிறாள், உன் அண்ணி ஹெல்மி கண்ணை மூடிய பிறகு இந்தக் குளிர்காலத்தை நான் தனியாகத் தாக்குப்பிடிப்பேனா, இல்லை என்னைத் தன் மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டுமா என்று பார்த்து முடிவு செய்யப்போகிறாள் என்று உன்னிடம் ஃபோனில் சொன்னது என் தப்பு. "கவலைய விடுண்ணே. அப்பா ஒழுங்கா சாப்பிடுறாருன்னு தெரிஞ்சா அவ பேசாம போயிடுவா. உறைய வெச்ச கிரான்பெர்ரி சாறு டப்பா வாங்கு. உடம்புக்கு அவ்வளவு நல்லது. குடிக்கலாம், வான்கோழி மேல தடவலாம், குச்சி ஐஸ் போடலாம்" என்று மூச்சு விடாமல் அடுக்கினாய். வாழ்நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று அந்தப் பழத்தை வாரியவனுக்கு அதன் அருமையை நீ சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. ரொம்ப நன்றி.

கடைக்குப் போனேன். கல்லாவில் பாரோஸ் வீட்டு டுல்சி. "என்ன வில்ஹோ அண்ணே, வித்த பழத்தையே திரும்ப வாங்குறீங்க? பிரிய மனசு வரலியா?" என்று வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். அத்தனை பேரும் பழம் பயிரிடுகிறவர்கள். "தங்கச்சி சொல்லிச்சு" என்றேன். "ஐலி அக்காவா? அப்ப சரி, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாள். உன் புகழ் இந்த ஊரில் இன்னும் மங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைப் படித்தேன். வைட்டமின் சி இருக்கிறதாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை கால் நீட்டிப் படுத்திருக்கிறது, பழம் மரியாதைக்கு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. நம் பழத்தின் புளிப்பை அடக்க வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். அதை, பார்க்கும்போதெல்லாம் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி என்னைக் கடிந்துகொள்ளும் டாக்டரிடம் நீயே வந்து சொல்லு. சிறுநீர்க் கோளாறு வந்தாலும் பறந்துவிடும் என்றாயே, அதையும் அவரிடம் கேட்டேன். "வந்த பிறகு சாறு மருந்தாகாதுங்க, மருந்துதான் மருந்து" என்றார்.

ஒரு டப்பாவுக்கு மூன்று டப்பா தண்ணீர் என்று போட்டிருந்தது. வான்கோழிக்கு ஒரு டப்பாவை எடுத்துவைத்தது போக, மற்றதையெல்லாம் கரைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். ஹெல்மி ஜாடியை எங்கே வைத்தாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அலமாரி அலமாரியாகத் தேடி அலுத்துப்போய், நம் நீராவிக் குளியலறை சவுனாவுக்கு வெளியே கழுவிக் கவிழ்த்திருந்த, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் மர வாளியில் ஊற்றிக் கலக்கினேன். கட்டி கரைவேனா என்றது. சனிக்கிழமை குளியல் நாளாயிற்றே, சவுனாவில் கல் காயும் அடுப்பை ஏற்கெனவே மூட்டியிருந்தேன். அந்தச் சூட்டில் இளகட்டும் என்று வாளியை உள்ளே பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வான்கோழியைக் கவனிக்கப் போனேன். நம் குடும்பத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா இது என்று கேட்பாய். கேள், கேள்.

இர்மா வந்தாள். வந்தவள் அடுப்படியை எட்டிப் பார்த்தாளா, அப்பா சாப்பிட்டீர்களா என்று கேட்டாளா? நம் வீட்டுப் பெண் அல்லவா, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு நேரே சவுனாவுக்குள் போய், அரை இருட்டில் தண்ணீர் என்று நினைத்து வாளியில் அகப்பையை விட்டு மொண்டு, கொதிக்கிற கல் மேல் ஊற்றியிருக்கிறாள். முதல் அகப்பைக்கு ஆவி சரியாக எழும்பவில்லை என்று இன்னொன்றும் ஊற்றினாளாம். சர்க்கரை கருகினால் எப்படிப் புகையும் என்று உனக்குத் தெரியாதா. கதவிடுக்கில் கறுப்பாகப் புகை வந்ததைப் பார்த்து ஓடிப்போய் அவளை வெளியே இழுத்தேன். கல் சாற்றைத் துப்பியதில் நெற்றி முதல் பாதம்வரை சிவப்பு. ரத்தம், ரத்தம் என்று ஊர் கேட்க அலறினேன்.

"ரத்தமில்லப்பா" என்று இருமிக்கொண்டே உதட்டை நக்கினாள். "இனிக்குது."

என் அலறலைக் கேட்டு தீயணைப்புப் படையில் இருக்கும் டுல்சியின் அண்ணன் மனுவேல் வண்டியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். சவுனாவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, "வாசனை நல்லாத்தான் இருக்கு. சாப்பாடு எத்தன மணிக்கு?" என்றான். அப்போதுதான் வான்கோழி ஞாபகம் வந்தது. தடவு என்றாய், எப்போது தடவு என்று சொன்னாயா? தண்ணீர் கலக்காத சாற்றை ஆரம்பத்திலேயே தடவி உள்ளே தள்ளியிருந்தேன். கடைசி அரை மணியில் தடவ வேண்டியதாம், இர்மா சொல்கிறாள். வெளியே எடுத்தபோது அது பறவையா கரியா என்று மனுவேலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் மேல்தோலைச் சுரண்டிப் போட்டுவிட்டு மூன்று பேரும் தின்றோம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

மனுவேல் போன பிறகு இர்மா சொன்னாள்: "நீங்க இங்கயே இருங்கப்பா. அம்மா போனதுலேருந்து ஃபோன்ல 'உம்', 'சரி' தவிர நீங்க ஒண்ணும் பேசினதில்ல. இன்னைக்கு ஊரையே கூட்டிட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே நான் வற்புறுத்த மாட்டேன்."

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். இந்த வெற்றியில் உனக்குப் பங்கு கிடையாது. தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சவுனாக் கல்லைச் சுரண்டவே வசந்தகாலம் வரை வேலை இருக்கிறது. தயவுசெய்து இனி யாரும் எனக்காகக் கவலைப்பட வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லு. உனக்கு நீண்ட ஆயுளும், குறைந்த யோசனைகளும் வாய்க்கட்டும்.

உன் அண்ணன்,
வில்ஹோ

பி.கு.: இர்மா வருவதற்கு முன்பே என் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். அவள் இன்னொரு தடவை வற்புறுத்துவாள், கொஞ்சம் முறுக்கிக்கொண்டு சரி என்று சொல்லலாம் என்று இருந்தேன். அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். ஃபோனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவளைக் கூப்பிட்டு, அப்பா வேண்டாம் என்றாலும் இழுத்துக்கொண்டு போ என்று நீயாகச் சொல்வது போலச் சொல்லு. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.