வெள்ளைக்காரிக்கு அரைப்பேரு போட்ட விவரம்

லிந்துலை,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மருமகன் பிரதாபன் அவர்களுக்கு,

மாமனார் சண்முகராஜா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மகள் ரஜிதாவும் ஹட்டனில் சுகமாக இருக்க முருகன் அருளட்டும். விஷயம் சிதறாமலிருக்க வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. உங்கள் மாமியாரின் புது வேலை.
2. நேற்று நான் செய்த காரியம்.
3. அதன் விளைவு.
4. இந்த வயதில் என்னால் மாற முடியாது.

முதலாவது. நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்தபடி, பழைய தோட்டத் துரை பங்களாவில் நடக்கும் ஹோட்டலில் லெட்சுமி மூன்று வாரமாக விருந்தினருக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பழக்குகிறாள். தோட்ட வேலையிலிருந்து நின்றபின் மூலையில் முடங்கிக் கிடந்தவள், இப்போது காலையில் பவுடர் பூசிக்கொண்டு கிளம்புகிறாள். விமானம் ஏறி வந்து, முதுகில் கூடை மாட்டி, அட்டைக்கடி வாங்குவதற்கு விடுமுறை என்று பெயராம் மாப்பிள்ளை! எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இரண்டாவது. நேற்று அவள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பெட்டியைக் கொடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து ஜெர்மன்காரி ஒருவர் தன் கூடையைக் கொண்டுவந்து, அங்கே அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த தராசில் மாட்டினார். முப்பத்தெட்டு வருடம் கணக்கப்பிள்ளையாக நின்று கொழுந்து நிறுத்தவன் நான். கை தானாகக் கூடைக்குள் போய்விட்டது. முழுக்க முத்தல் இலை, காம்பு, செத்த வண்டு ஒன்று. அந்தக் காலத்தில் வேலையாட்களை ஏசுவதெல்லாம் கங்காணி மாயாண்டி. நான் எழுதுவது மட்டும். ஆனால் நேற்று அவருடைய வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தன. "இது கொழுந்தா, மாட்டுத் தீவனமா? கண்ணு பொடனியிலயா இருக்கு? போ, இன்னைக்கி ஒனக்கு அரைப்பேருதான்!" என்று கத்திக் கூடையையும் கவிழ்த்துவிட்டேன். விருந்தாளிக்குப் பாதி நாள் சம்பளத்தை வெட்டிவிட்டேன் மாப்பிள்ளை! அந்த அம்மா வாயைப் பிளந்து நின்றார். நானும்தான்.

மூன்றாவது. லெட்சுமி ஓடி வந்தாள். "நாப்பது வருசமா தொரை முன்னாடி வாயத் தொறக்காத மனுசனுக்கு இப்பத்தான் வீரம் வருதோ? ஏங்க, எம்பொழப்புல மண்ணள்ளிப் போடவா சோறு கொண்டாந்தீங்க?" என்றாள். பின்னாலேயே மேனேஜர் வருவதைக் கண்டதும் சோற்றுப் பெட்டியோடு குறுக்குப்பாதையில் ஓடிவிட்டேன். காலையில் அவள் வழக்கம்போல் கிளம்பிப் போனாள். இன்று வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து மேனேஜரிடம் பேசி அவள் வேலையைக் காப்பாற்றுங்கள்.

நான்காவது. காலம் மாறியது எனக்கும் புரிகிறது. ஆனால் அறுபத்தொன்பது வயதில் நான் வேறு ஆளாக முடியாது. இனி வீட்டைவிட்டு இறங்குவதாக இல்லை.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமலிருக்க வேண்டிக்கொள்ளும்,
சண்முகராஜா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது லெட்சுமி வந்துவிட்டாள். அந்த ஜெர்மன் அம்மா தன் ஊரில் இருநூறு பேருக்கு மேலதிகாரியாம். இருபது வருடமாக யாரும் ஏசியதில்லையாம். ஒரு வார்த்தை புரியாமலே மனம் லேசாகிவிட்டதாம், நாளைக்கும் ஏச்சு வேண்டுமாம். இன்னும் நாலு விருந்தினர் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் என்னை நாளை பத்து மணிக்கு வரச் சொல்கிறார். கண்ணாடி முன் நின்று ஏசிப் பழகிப் பார்த்தேன். "கோவமாவே இல்லைங்க, அழுவுற மாதிரி இருக்கு" என்கிறாள் லெட்சுமி. அதனால் மாயாண்டி வீட்டுக்குக் கொப்பியோடு போகிறேன், நல்ல ஏச்சாக எழுதிக்கொண்டு வர. நீங்கள் மேனேஜரிடம் பேச வேண்டாம். நான்காவதாக எழுதியது தவறு.