ஒரு காருக்கு இரண்டு பிராது

கார் திருடு போனதில் மாயவனுக்குத் துளியும் வருத்தமில்லை. அந்தச் சந்தோஷத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் எப்படி மறைப்பது என்பதுதான் அவர் கவலை.

பதினான்கு வருஷத்துக் கார். கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினால், மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் மூச்சு வாங்கி நிற்கும். மனைவி செவ்வந்தி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளுவாள். "கார்ல வந்தீங்களா, காரக் கூட்டிக்கினு வந்தீங்களா?" என்பார் சம்பந்தி.

இனி போலீஸ், "கார் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் போதும். இன்சூரன்ஸில் ஒன்றரை லட்சம் வரும். நல்ல காராக வாங்கி, ஒருமுறையாவது நிற்காமல் மலையேறி, சம்பந்தி வாசலில் ஹாரன் அடித்துவிட வேண்டும்.

சந்தேகம் வரக் கூடாதென்று ஸ்டேஷன் ரைட்டர் முன்னால் கண்ணைக் கசக்கினார். கசக்கல் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது.

"அழுவாதீங்கண்ணே. பெத்த புள்ளயாட்டம் வச்சிருந்தீங்க போலகீது" என்று ரைட்டரே கலங்கிப்போய், கார் போட்டோவை மாவட்டத்தின் அத்தனை ஸ்டேஷன்களுக்கும் அனுப்பிவிட்டார்.

இத்தனை பேர் தேடினால் கிடைத்துத் தொலையுமே என்று மாயவன் புலம்பிக்கொண்டே நடந்தார். வீடு திரும்பினால், செவ்வந்தி நெற்றி நிறையத் திருநீறோடு நின்றாள்.

"வேடியப்பன் கோயில்ல பிராது கட்டிட்டு வந்துட்டேங்க. தொண்ணூறு நாள்ல கார் வூடு வந்து சேந்துடும்."

மாயவன் தலையில் கை வைத்தார். குறையைத் தாளில் எழுதிச் சாமியின் வேலில் கட்டினால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு. வேடியப்பனிடம் இதுவரை ஒரு பிராதும் தோற்றதில்லை என்பார்கள். போலீஸையாவது சமாளிக்கலாம்.

மறுநாளே கோயிலுக்கு ஓடினார். "பூசாரி, எங்கூட்டுக்காரி கட்டுன தாள அவுத்துக் குடுங்க."

"கட்டுன கைதாம்பா அவுக்கணும். அந்தம்மாவ இட்டுக்கினு வா."

அவளிடம் என்னவென்று சொல்வது? வேறு வழியில்லாமல் அவரும் ஒரு தாள் வாங்கி, 'கார் கிடைக்கவே கூடாது' என்று எழுதிப் பக்கத்திலேயே கட்டினார்.

பூசாரி அதைப் படித்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார். "பொண்டாட்டி பேச்சா, ஒம் பேச்சான்னு வந்தா சாமி இன்னா பண்ணும்? அதுவும் சம்சாரிதாம்பா."

நாற்பதாம் நாள் ரைட்டர் போன் செய்தார். "அண்ணே, இனிமே அழுவ வேணாம்! தியாகதுருகத்துல ஒர்க்‌ஷாப் வாசல்ல நிக்குது. திருட்டுப்பய மட்டும் எங்களப் பாத்ததும் எகிறிக் குதிச்சி ஓடிட்டான்."

மாயவன் இந்த முறை நிஜமாகவே அழுதார்.

கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் காரை மீட்டு, விதியே என்று செவ்வந்தியோடு மலையேறினார். முதல் வளைவு வந்தது. நிற்கவில்லை. நான்காவது, ஏழாவது... தள்ளுவதற்குத் தயாராகப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தவள், கரியாலூர் வந்ததும் அவசரமாக அவிழ்த்துவிட்டாள். மாயவன் அடித்த ஹாரனில் சம்பந்தி சாப்பாட்டுக் கையோடு வெளியே ஓடிவந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மாயவனுக்கு ஜென்மம் கடைத்தேறிவிட்டது.

"சாமி காரையும் குடுத்து, ரிப்பேரும் பாத்துக் குடுத்துகீதுங்க!" என்று பூரித்துப்போனாள் செவ்வந்தி.

திரும்பும் வழியில் பிராதை அவிழ்க்கக் கோயிலில் நிறுத்தினார்கள். செவ்வந்தி பார்க்காத நேரம் மாயவன் தன் தாளையும் அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டார்.

பூசாரி காரின் நம்பரை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துத் தாடையைச் சொறிந்தார்.

"இதே நம்பருக்குப் போன வாரம் இன்னொருத்தன் வந்து கட்டிட்டுப் போயிருக்கான்ப்பா. 'கிளட்ச்சு, பேட்டரி, நாலு டயரு எல்லாம் புதுசா போட்டு வச்சிருந்த எங்காரு களவு போயிடுச்சி, தொண்ணூறு நாள்ல வூடு வந்து சேரணும்'னு."