பாடகரின் டைரியில் லாக்புக்கின் கையெழுத்து

எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதற்குக் கீழே கையெழுத்துப் போடாமல் நகர முடியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் நெய்வேலியில் இருக்கிறார். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் லாக்புக்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிகிறவர் தன் எட்டு மணி நேரத்தில் நடந்ததை லாக்புக்கில் எழுதி வைப்பார். அடுத்து வருகிறவர் அதைப் படித்து, "பார்த்தேன்" என்று எழுதி, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டால் அதில் எழுதியிருக்கும் குறை அத்தனையும் அவர் தலையில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் நம்மாள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். "ரோலரில் சத்தம் வருகிறது" என்று அதில் ஒரு வரி இருந்திருக்கிறது. மதியத்துக்குள் ரோலர் மக்கர் செய்ய, சரிந்து கொட்டிய நிலக்கரியை மண்வெட்டியால் சாயங்காலம் வரை அள்ளினாராம். அன்று பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் வாசலிலேயே நிற்க வைத்து, தாய்மாமன் பெயர் வரை படித்து, "பார்த்தேன், காலை 9.20" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பெண்ணைப் பெற்றவர் திகைத்துப்போய், "என்னங்க, கல்யாணத்துக்கு வரமாட்டீங்களா?" என்று கேட்பார்.

"வராம எங்கங்க போவேன்? இது ஒங்க ரெக்கார்டுக்கு."

ஒருமுறை காய்ச்சலுக்குப் போனபோது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் எதிரிலேயே படித்து, டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார். "நீங்களும் டாக்டரா?" என்று அவர் கடுப்பாகக் கேட்டிருக்கிறார். "இல்லீங்க. அடுத்த ஷிப்ட்டு" என்றாராம் இவர்.

வீட்டில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, எழுதிக் கொடுக்கும் காய்கறிச் சீட்டுக்கும் இதே கதிதான். "தக்காளி: வாங்கப்பட்டது. கொத்தமல்லி: கையிருப்பு இல்லை. அடுத்த ஷிப்டுக்கு மாற்றப்பட்டது." அண்ணி என்னிடம் புலம்பினார். "அடுத்த ஷிப்ட்டும் இவருதான் தம்பி. அதுக்கு அடுத்ததும் இவருதான். மூணு நாளா ரசம் கொத்தமல்லி இல்லாமலே கொதிச்சிக்கினு இருக்குது."

இப்பேர்ப்பட்டவர் கையில் என் மகளின் புத்தகத்தைக் கொடுத்தேன் என்றால் என் புத்தியை எதால் அடிப்பது?

என் மகள் ஜெனி புனேயில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ராக் இசை என்றால் உயிர். எனக்கு அது மைன்ஸ் சத்தத்துக்குத் தாளம் போட்டது மாதிரிதான் கேட்கும். இளம் வயதிலேயே செத்துப்போன ஒரு வெளிநாட்டுப் பாடகர் தனக்காக எழுதி வைத்திருந்த டைரிகளை, அவருக்குப் பிறகு புத்தகமாகப் போட்டிருந்தார்கள். அவர் கையெழுத்தை அப்படியே படம் பிடித்து, அடித்தல் திருத்தல், மைக்கறை, காபிக்கறையோடு அச்சடித்த தலையணை சைஸ் புத்தகம். போன கோடையில் வந்தவள் அதை வீட்டில் விட்டுப் போனாள்.

"இத யாருக்கும் குடுத்துடாதீங்கப்பா. நீங்க வேணும்னா படிச்சுப் பாருங்க."

நான் அதைப் பத்திரமாக ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். என் படிப்பு அத்தோடு முடிந்தது.

ஓய்வு பெற்று, பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீடு கட்டிப் போய்விட்டாலும், லாக்புக் அண்ணன் தினமும் காலையில் முதல் ஷிப்ட் நேரத்துக்குச் சரியாக எங்கள் பிளாக் டீக்கடைக்கு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். ஒருநாள் ஏதோ பென்ஷன் படிவம் நிரப்ப என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஃபிரிட்ஜ் மேலிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். முகம் மாறிவிட்டது.

"தம்பி, இது லாக்புக்காச்சே!"

"இல்லண்ணே, பாடகரோட டைரி. ஆள் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு."

"ஆளு போனா என்ன? எழுத்து நிக்குது பாரு. இது தூக்கம் வராதவன் கையி. கோடு மேல ஏறிக்கினே போவுது." அடுத்த பக்கம் திருப்பினார். "ஒரு பக்கத்துலயும் கையெழுத்து இல்லியே! யாருமே ஷிப்ட்டு வாங்கலியா?"

படிக்காத லாக்கைத் திறந்துவிட்டு மூடக்கூடாது என்பது சட்டமாம். புத்தகம் அவர் கக்கத்துக்குப் போய்விட்டது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் சர்ச் கமிட்டியில் நாலு வருஷமாக நானே செயலாளர்.

டீக்கடை பெஞ்சில் தினம் இரண்டு பக்கம் என்று ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு பழைய டிக்‌ஷனரி. ஷிப்ட்காரர்களின் கோழிக்கிறுக்கலை முப்பது வருஷம் படித்த கண்ணுக்குப் பாடகரின் கையெழுத்து ஒரு பொருட்டே இல்லை.

"இவன் ஒம்பது எடத்துல தூக்கம் இல்லன்னு எழுதியிருக்கான் தம்பி. ஒருத்தனாச்சும் நடவடிக்கை எடுத்தானா பாரு."

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீலப் பேனாவில், "பார்த்தேன். தாமதம்." அதற்குக் கீழே நேரம், கையெழுத்து.

"அண்ணே! அது பாப்பாவோட புக்கு! டைரியில போயி யாராவது கையெழுத்து போடுவாங்களா? முதல்ல அடுத்தவங்க டைரியைப் படிக்கறதே தப்பு."

"அச்சடிச்சு வித்துட்டாங்க, ஊரே படிக்குது. படிச்சவன் எவனாவது பேரு போட்டானா? பேரு போட்டாதான பொறுப்பு?"

சேதம் ஆனது ஆகிவிட்டது, கிறிஸ்துமஸுக்கு ஜெனி வருவதற்குள் வேறு பிரதி வாங்கி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பதிப்பு எங்கேயும் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் அவருக்கு இன்னொரு பைத்தியம் பிடித்தது. தினமும் காலையில் என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "ஜெனிகிட்ட பேசினியா?"

"ஞாயித்துக்கிழமை பேசினேண்ணே."

"இன்னிக்கு என்ன கெழம?"

"புதன்."

"அப்ப மூணு நாளா பெல்ட்டு ஆளில்லாம ஓடிக்கினு இருக்குது. போனை எடு."

நான் எண்ணைத் தட்டும் வரை டீ கிளாஸை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துக்கொள்வார். டீ ஆறிவிடுமே என்ற கவலையில் ஆரம்பித்ததுதான் இந்த தினசரி போன். ஜெனிக்கே ஆச்சரியம். "என்னப்பா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்றாள். "சாப்டியா? மழை பெய்யுதா?" இரண்டே நிமிஷம். அதற்கு மேல் எனக்குப் பேசத் தெரியாது.

"சாப்டியான்னு கேட்டா சாப்ட்டேன்னுதான் சொல்லும். என்ன சாப்டேன்னு கேளு. கூட யாரு ஒக்காந்திருந்தாங்கன்னு கேளு" என்று லாக்புக் பெஞ்சிலிருந்து சைகை செய்வார். கேட்டேன். ஒருநாள் அவள் மேனேஜரைத் திட்டினாள். ஒருநாள் அவள் செய்த சாம்பாரைப் பற்றிச் சொல்லி நாங்கள் இருவரும் சிரித்தோம். இன்னொரு நாள் சும்மா அழுதாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது. அண்ணன் இன்னொரு டீ சொன்னார்.

டிசம்பரில் ஜெனி வந்து இறங்கினாள். பையை வைத்ததும், "அப்பா, என் புக்கு?" என்றாள். நான் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஏணி தேடுவதுபோல் நழுவப் பார்த்தேன். அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நியூஸ் பேப்பரில் அட்டை போட்ட புத்தகத்தோடு லாக்புக் அண்ணன் வந்து நின்றார்.

அவள் பிரித்தாள். "பார்த்தேன். தாமதம்." அடுத்த பக்கம், "பார்த்தேன். தாமதம்." அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, எல்லாம் என் தப்புதான்…" என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். பாடகரின் எழுத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்து. என் மகளின் எழுத்து. "எனக்கும் இப்படித்தான். இன்னிக்கு யார்கிட்டயும் பேசல."

இன்னும் சில பக்கம் தள்ளி, "அப்பா ரெண்டே நிமிஷம்தான் பேசுவாரு. எனக்கு அழுகை மூணாவது நிமிஷம்தான் வரும்."

அந்த வரிக்குக் கீழே நீலப் பேனாவில் இருந்தது: "பார்த்தேன், காலை 7.40. சம்பந்தப்பட்ட பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டது. தொடர்ந்து கவனிக்கப்படுகிறது."

அந்தச் சம்பந்தப்பட்ட பிரிவு நான்தான். "நீங்க வேணும்னா படிச்சுப் பாருங்க" என்று அவள் என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?" என்றேன்.

"எழுதனத வெளியில சொல்றது எங்க டூட்டி இல்ல தம்பி. ஆளை அனுப்பறதுதான் டூட்டி." பிறகு ஜெனியிடம் திரும்பினார். அந்த மனிதர் தயங்கி நான் பார்த்தது அன்றுதான். "ஒன் எழுத்துன்னு தெரிஞ்சும் படிச்சிட்டேம்மா. ஓரத்துல இருந்திச்சா, ரிமார்க்ஸ்னு கண்ணு போயிடுச்சு. கோவமா?"

ஜெனி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. பிறகு, "அவருக்கெல்லாம் தாமதம்னு போட்டிருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் போடல பெரியப்பா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு என்ன தாமதம்? நீதான் எதிர்ல நிக்கிறியே."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "சரியாயிடுச்சான்னு நான் எழுத முடியாது. கம்ப்ளெய்ன்ட் எழுதுனவங்கதான் முடிக்கணும். சரியாவலன்னா சும்மா வுடு, ஓடட்டும்."

அவள் பேனாவை வாங்கினாள். "இப்ப பரவாயில்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நேரம் போட மறந்தவளுக்கு அவர் தன் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார்.

ஊருக்குக் கிளம்பும்போது புத்தகத்தை மறுபடியும் என்னிடமே விட்டுப் போனாள். இந்த முறை ஃபிரிட்ஜ் மேல் வைக்கவில்லை. தினம் இரண்டு பக்கம் டிக்‌ஷனரியோடு படிக்கிறேன். அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் கீழே, அண்ணனின் கையெழுத்தை அடுத்து, நானும் போட்டு வருகிறேன். "பார்த்தேன். தாமதம்."

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை எங்கள் டீக்கடைக்கு வரும். அவர் முதல் வரியிலிருந்து விடாமல் படிப்பார். லாக்புக் அண்ணே, கடைசி வரிக்குக் கீழே உங்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.