மார்லிஸ் வாங்கித் தந்த ஆறு

இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஓர் ஆற்றைப் படைத்தே தீருவது என்று சபதம் செய்தேன். கடவுள் ஆறுகளை மலையில் படைத்தார். நான் படைக்கப்போவது அமெரிக்காவின் துலூத் நகரில், எங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மென்டில்.

அங்கேதான் என் பொம்மை ரயில் ஓடுகிறது. கைக்கு அடக்கமான எஞ்சின், சுண்டுவிரல் உயர மனிதர்கள், நானே குச்சி குச்சியாக ஒட்டிய பாலம். பாலத்துக்குக் கீழே மட்டும் வெறும் பலகை. போன வருடம் ரயில் கிளப்காரர்கள் பார்க்க வந்தபோது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "வெர்ன், இந்தப் பாலம் எதைப்பா தாண்டுது? தச்சுப்பட்டறையையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய சாப்பாடு செரிக்கவே இல்லை.

அந்த அவமானத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் என் மனைவி மார்லிஸ். கிறிஸ்துமஸுக்கு அவள் தந்த பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே இரண்டு பாட்டில் ரெசின்! இரண்டு பாட்டிலையும் கலந்து ஊற்றினால் கண்ணாடித் தண்ணீராக இறுகும் சரக்கு. என் கண்ணில் நிஜத் தண்ணீரே வந்துவிட்டது.

"மார்ச்ல கிளப்காரங்க வர்றதுக்குள்ள ஆறு ஓடணும்" என்றாள்.

படுகைக்கு நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் பழுப்பு என்று வண்ணம் தீட்டினேன். கூழாங்கல் ஒட்டினேன். கரையில் ஒரு தூண்டில்காரரை நிறுத்தி, முதல் படலத்தை ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் ஆறெங்கும் பஞ்சு. பக்கத்தில் துணி உலர்த்தும் டிரையர் ஓடியிருக்கிறது.

"மார்லிஸ்! என் ஆத்துல உன் துணிப்பஞ்சு!"

"அழகாத்தானே இருக்கு. ஜனவரியில நம்ம ஊர் ஆறு இப்படித்தான் வெள்ளையா இருக்கும்."

சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். இந்த முறை வாஷிங் மிஷின் சுழன்ற வேகத்தில் மேஜையே நடுங்கியது. தூண்டில்காரர் குப்புற விழுந்து, ஆற்றோடு ஆறாக இறுகிவிட்டார்.

"பெரிய மீனா மாட்டியிருக்கும்" என்றாள் மார்லிஸ்.

"இதோ பார், ஆறு முடியுற வரைக்கும் இந்த வீட்டுல துணி துவைக்கக் கூடாது!"

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படலம் படலமாக ஊற்ற வேண்டிய வேலை. ஒவ்வொன்றும் இறுகக் காத்திருக்க வேண்டும். ஆறு வளர்வதற்குள் அழுக்குக் கூடை மலையாக வளர்ந்தது.

"என் பனியன் எங்கே?"

"கூடையில."

"கையால துவைச்சு வெளியே காயப் போடேன்."

"போட்டேங்க. உங்க பேன்ட் குளிர்ல விறைச்சுப்போய் தனியா நின்னுட்டிருக்கு. போய்க் கூட்டிட்டு வாங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு சலவை நிலையத்துக்கு நானே போனேன். பனியில் சறுக்கி, ஊர் பார்க்க, என் உள்ளாடைகளின் மேலேயே விழுந்தேன். எழுந்தபோது என் முடிவு உறுதியாகிவிட்டது.

"மிஷின் ரெண்டையும் மேல கொண்டுபோய், சமையலறைக்குப் பக்கத்து அறையில வெச்சிடப் போறேன்!"

பல வருடமாக அவள் கெஞ்சி, நான் மறுத்து வந்த விஷயம் அது. இப்போது அவள் பதறினாள்.

"ஐயோ, வேண்டாங்க! அந்த அறையில உங்க மீன்பிடிச் சாமான் இருக்கே."

"கராஜுக்குப் போகட்டும்."

"குழாய் போடணும், தரையைத் துளைக்கணும். பாவம், உங்களால அதெல்லாம் முடியாது."

என்னால் முடியாதா? குழாய் போட்டேன். துளை போட்டேன். கட்டை விரலிலும் ஒன்று போட்டேன். மிஷினைத் தூக்கப் பக்கத்து வீட்டு ஹார்லனைக் கூப்பிட்டேன். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது அவன் சொன்னான்:

"எங்க வீட்டு மிஷினும் போன வருஷம்தான் மேல போச்சு."

"ஏன்?"

"நானும் என் பொம்மை ரயிலுக்கு ஏரி கட்டினேன்ல? ஒரே பஞ்சு."

மிஷின் என் நெஞ்சில் சாய்ந்தது. "ஹார்லன், உனக்கு ரெசின் யாருப்பா வாங்கிக் கொடுத்தா?"

"பெர்னீஸ்தான். பிறந்தநாள் பரிசு. தங்கமான பொண்டாட்டிப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். படிக்கு மேலே மார்லிஸ் கதவை அகலத் திறந்து பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், காலியான அந்த அறையில், புதுத் திரைச்சீலை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

எது எப்படியோ, ஆறு ஜெயித்தது. மார்ச்சில் கிளப்காரர்கள் வந்தார்கள். தச்சுப்பட்டறை என்று சொன்ன அதே மனிதர், தண்ணீரில் கை நனைக்கப் பார்த்து நகத்தை இடித்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

அப்போது மார்லிஸ் காபியோடு ஒரு பொட்டலமும் கொண்டு வந்தாள். எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். ரெசின். முன்பைவிடப் பெரிய பாட்டில்கள்.

"அடுத்தது கடல் மாதிரி கிடக்கிற நம்ம சுப்பீரியர் ஏரியையே செஞ்சிடுங்க!" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அவள் காதோரம் குனிந்தேன்.

"இந்தத் தடவை எதைத் தூக்கணும், மார்லிஸ்?"