கொமோ இல்லை, கொமியோ

அன்புள்ள நாகேஸ்வரன் அத்திம்பேருக்கு,

ஹரிஷங்கர் அநேக நமஸ்காரம். இங்கே நான் சுகம். அங்கே தாணேயில் நீங்களும் மீரா அக்காவும் சுகமாயிருக்கப் பத்மநாபஸ்வாமி அருள வேண்டும். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கரமனை வீட்டை இந்த வாரமே காலி செய்கிறேன். போனில் சொல்லியிருப்பேன், நான் பேசும்போது நடுவில் அதுவும் பேசுகிறது.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் எங்கள் கிரேன் பிரிவிலிருந்து ஒருவரை ஸ்பெயினுக்கு அனுப்புகிறார்கள். சனிக்கிழமை மொழித் தேர்வு. அதனால் வேலை விட்டு வந்ததும் ஸ்பானிஷ் இறந்தகால விகுதிகளை உரக்கச் சொல்லிப் படிக்கிறேன், 'ஆர்' என்று முடிகிற வினைக்கு ஒரு வரிசை, 'ஏர்', 'ஈர்' என்று முடிவதற்கு வேறொரு வரிசை, அவ்வளவுதான், இதில் குழம்ப ஒன்றுமே இல்லை, பேசினேன் என்றால் ஆப்ளே, பேசினான் என்றால் ஆப்ளோ, இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பூட்டிக் கிடக்கும் பக்கத்துப் போர்ஷனிலிருந்து யாரோ கூடவே சொன்னார்கள். சரியாகச் சொல்லும் வரைக்கும் நான் கண்டுகொள்ளவில்லை. 'கொமேர்', அதாவது சாப்பிடுவது, வந்ததும்தான் தகராறு. சாப்பிட்டான் என்பதற்குக் 'கொமியோ' என்று சொல்ல வேண்டும். அது ஆர் விகுதியை ஏர் வினையில் ஒட்டிக் 'கொமோ' என்கிறது. திருத்தினால் இன்னும் மெதுவாக, சுவரில் வாயை வைத்துச் சொல்வது போல, 'கொமோ'. எனக்குப் பயமில்லை, எரிச்சல். இப்போது என் வாயிலும் அதுவே வருகிறது. தேர்வில் வந்தால் ஸ்பெயின் போச்சு.

எதிராத்து ஜெயலக்ஷ்மி மாமியிடம் அந்தப் போர்ஷன் சாவி கேட்டேன். "ஆளில்லாத ஆத்துலேர்ந்து பாடமாடா கேக்கறது? நீ கத்தற கத்தலுக்கு அதுவாவது பதில் சொல்றதே" என்றபடி கூடவே வந்தார். திறந்தோம். தரை முழுக்கத் தூசி, ஒரு கால்தடம் இல்லை. "பாத்தியோ, ஒண்ணுமில்லை" என்று மாமி சொல்லும்போதே சுவருக்கு அந்தப் பக்கம், நான் பூட்டிவிட்டு வந்த என் அறைக்குள்ளிருந்து, 'கொமோ'.

"உன் ரூம்ல யாருடா, ஹரி?"

"யாரா இருந்தாலும் தப்பாச் சொல்றா, மாமி."

மாமி சாவியை என் கையில் திணித்துவிட்டுப் போனவர்தான், தட்டினால் கதவு திறப்பதில்லை.

ஆகவே வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அன்பு, குழந்தைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஹரிஷங்கர்

பி.கு.: காலி செய்யவில்லை, ஆள் பார்க்க வேண்டாம். இன்று மாலை அது சுத்தமாகக் 'கொமியோ' என்றது. தேர்வுவரை கூடவே படிக்கட்டும் என்று அடுத்து 'விவீர்', வசிப்பது, ஆரம்பித்தோம். 'விவீமோஸ்' என்றது. அதில் ஒரு சிக்கல், வசித்தோம், வசிக்கிறோம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல். போதாததற்கு நம் நாங்கள், நாம் வித்தியாசமும் ஸ்பானிஷில் கிடையாது. தெளிவாகச் சொல், நாங்களா, நாமா என்று கேட்டேன். என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து தமிழில், "நாம" என்றது. எந்தக் காலம் என்று இன்னும் சொல்லவில்லை.